அண்ணன் ரத்தம் யாருக்குப் போனது

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்குச் சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும்தான் பயன்பட்டது. ஆஸ்பத்திரியில் நர்சுகள், வார்டு வாசலில் காத்திருப்பவர்கள், கேட்டுக்கு எதிரே டீ போடுகிறவர் என்று எல்லாருக்கும் அவள் வேணாக்கா. ரத்தவங்கியில் வேலை. தானமாக வந்த ரத்தத்தைப் பிரிப்பது, பத்திரமாக வைப்பது, வார்டில் கேட்டால் பொருத்தம் பார்த்துக் கொடுப்பது, கெட்டதைக் கழிப்பது. பெயர் வந்தது கடைசி வேலையால். பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். லேசாகச் சாய்ப்பாள். "இது வேணாம்" என்பாள். அதற்கு மேல் அந்தப் பைக்கு அப்பீல் கிடையாது.

நல்ல ரத்தத்தைக் கொட்டுகிற கல்நெஞ்சக்காரி என்று வெளியே பேச்சு. பேசுகிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு மனுஷன் கை நீட்டிப் படுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசி குத்தவிட்டுக் கொடுத்ததை இன்னொருத்தி குப்பைக்கு அனுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும். அவளுக்கே பொறுக்காது. இத்தனை வருஷமாகியும் அது பழகவில்லை. களைப்புதான் கூடிக்கொண்டே போனது.

ரத்தம் என்றால் சிவப்பாக ஒரே சரக்கு என்று நினைக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவளுடைய அறைக்கு வந்ததும் அது மூன்றாகப் பிரியும். பையை மெஷினில் போட்டு வேகமாகச் சுற்றினால் கனமான சிவப்பணு அடியில் தங்கும். மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். அதிலிருந்து, ரத்தத்தை உறையவைத்துக் காயத்தை அடைக்கிற பிளேட்லெட்டைத் தனியே பிரிக்க வேண்டும். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் மூன்றுக்கும் மூன்று குணம். சிவப்பணுவுக்குக் குளிர் வேண்டும், உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் உடைந்துபோகும். பிளாஸ்மாவுக்கு அந்தக் குளிர் போதாது, கல்லாக உறைய வேண்டும். பிளேட்லெட்டுக்குக் குளிரே ஆகாது. சாதாரண அறைச் சூட்டில், ஒரு தட்டில் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தினால் கோபித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு சீராட்டியும் எதுவும் நிரந்தரமில்லை. குளிரில் பத்திரமாக வைத்த சிவப்பணுவும் நாளாக ஆகக் கிழடு தட்டிப்போகும், பிளேட்லெட்டுக்கோ சில நாள்தான் ஆயுசு.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஆட்டுத்தட்டின் டக் டக் சத்தத்தோடே அவளுக்கு நாள் போகும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது முழங்கால் தானாக ஆடும். ஃப்ரிட்ஜ் கதவை யாராவது திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் சமையலறையிலிருந்து கத்துவாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் விருந்தாளி மாதிரிதான் வீட்டுக்கு வருவார். "இந்த வீட்ல தண்ணி பாட்டில் எடுக்கணும்னாக்கூட மொதல்ல யோசிச்சிட்டு அப்புறம்தான் கதவத் தொறக்கணும்" என்று மகளிடம் ஃபோனில் புகார் சொல்வார். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் அதே புகாரைத் தன் புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் அவளுக்குப் பாரமே இல்லை. பாரம் வேறு. அது அவளுடைய அண்ணன்.

அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, பின்னாலேயே ஒரு கட்டில். படிப்பு பாதியில் நின்றது. கல்யாணம் பேச்சோடு நின்றது. கூட்டாளியோடு ஆரம்பித்த தொழிலில் கூட்டாளி மட்டும் முன்னுக்கு வந்தான். அம்மா சாகிற வரைக்கும் அவரைக் கூப்பிட்டது ஒரே பெயரில்தான்: வீணாப்போனவனே. சாப்பிடக் கூப்பிடும்போதும் அதுதான். திட்டு நாளடைவில் பெயராகிவிட்டதால் அதில் கோபம்கூட மிச்சமில்லை, அதுதான் இன்னும் கொடுமை. அந்த மனுஷனிடம் கடவுள் ஒன்றே ஒன்றை மட்டும் விலை உயர்ந்ததாக வைத்திருந்தார். அரிதாகக் கிடைக்கிற நெகட்டிவ் குரூப் ரத்தம்.

அது தெரிந்த நாளிலிருந்து, டாக்டர் அனுமதிக்கிற இடைவெளி முடிந்ததும் அண்ணன் வந்து நிற்பார். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. கொடுத்த சில நாளில் தங்கை வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

"யாருக்குப் போச்சு பாப்பா?"

முதல் தடவை அவர் கேட்டபோது அந்தப் பை குப்பைக்குப் போய்விட்டிருந்தது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிநேகிதன் வீட்டு விருந்தில் பொரித்த கறியை ஒரு கை பார்த்துவிட்டு நேராக வந்து படுத்திருக்கிறார். மெஷினில் சுற்றி எடுத்தால் மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா பாலாக வெளுத்து நின்றது. அத்தனையும் கொழுப்பு. அடியில் இருந்த சிவப்பணுவும் அந்தக் கொழுப்பால் சீக்கிரம் உடையும் என்று அதையும் கழிக்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அன்றைக்கு அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாகப் பாஸ் மார்க் வாங்கிய பையன் முகம். அம்மா செத்து அதிக நாள் ஆகவில்லை. அவளுக்கு வாய் வரவில்லை. "சைக்கிள்ல விழுந்த ஒரு பையனுக்குண்ணே. பொழச்சிட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு பொய்யை நிற்கவைக்க ஒன்பது பொய் முட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த ஒரு பை, மெஷின் சுற்றும்போது ஓரம் விட்டு ஒழுகிப்போனது. அதற்கு அவள் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாயைப் பெற்றெடுத்தாள். இன்னொன்று கொடுமையிலும் கொடுமை. நெகட்டிவ் ஆயிற்றே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று புதையலைக் காத்த பூதம் மாதிரி காத்துக் காத்து, அவசரம் வராமலே அதன் நாள் முடிந்துவிட்டது. அதற்கு ஒரு ஃபேக்டரித் தொழிலாளியைப் பிழைக்க வைத்தாள். நடுவில் சில பைகள் நல்லபடியாக வார்டுக்குப் போகத்தான் செய்தன. ஆனால் அவை எந்தக் கட்டிலுக்குப் போயின, என்ன ஆயின என்று யாரும் வந்து சொல்வதில்லை. ஒழுங்காகப் போனதற்குச் சொல்லக் கதை இல்லை, வீணானதற்கெல்லாம் அருமையான கதை இருந்தது. இந்த அநியாயத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்.

அண்ணனோ எதையும் மறக்கிற ஆள் இல்லை. கடன் கொடுத்தவன்கூட இப்படி விசாரிக்க மாட்டான்.

"அந்த சைக்கிள் பய இப்ப என்ன படிக்கிறான்?"

"காலேஜ் போறான்ணே."

"என்ன கோர்ஸ்?"

இப்படியாக, பிறக்காத பையனை அவள் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். ஒரு தடவை அண்ணன் பட்டறையில் மிச்சமான இரும்பில் கையகல வண்டி ஒன்று செய்துகொண்டு வந்தார். நாலு சக்கரம், நாலும் உருண்டன. ஓரமெல்லாம் குழந்தை கையைக் கிழிக்காதபடி தேய்த்து மழுமழுவென்று வைத்திருந்தார். "அந்த ரெட்டப் பிள்ளைங்களுக்குக் குடு. ஒண்ணுதான் செஞ்சேன், சண்ட போட்டா இன்னொண்ணு செஞ்சு தர்றேன்" என்றார். அவள் அதை வாங்கிப் பரணில் பழைய துணிக்கு அடியில் வைத்தாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அவளுக்குக் கிடைத்தது, செரிக்கத்தான் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு நாள் காலையில் முட்டி நின்றது.

அன்றைக்கு அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். ரத்தம் கொடுப்பவர்கள் படுக்கிற கட்டிலில் ஒன்று காலை உடைத்துக்கொண்டது, பற்றவைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பின்கட்டு முற்றத்தில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார். உள்ளே பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது, நெகட்டிவ் குரூப், ஒரு பை உடனே வேண்டும். குளிர்பெட்டியில் அந்தக் குரூப்பில் ஒரே ஒரு சிவப்பணுப் பை இருந்தது. போன வாரம் அண்ணன் கொடுத்தது. அவளே பிரித்து அவளே வைத்தது. அண்ணன் இந்தத் தடவை கறியைத் தொடாமல் வந்திருந்தார். பை ஒழுகவில்லை. நாளும் மீதி இருந்தது. பொருத்தம் பார்த்தாள், பொருந்தியது.

பையை வாங்க வந்தவர் அந்தப் பெண்ணின் புருஷன், தையல்காரர். சின்ன வயசுதான். காதுக்குப் பின்னால் சாக்பீஸ் துண்டு இன்னும் இருந்தது, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். வழக்கமாகப் பொருத்தச் சீட்டைச் சரிபார்த்து, பையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்து, போங்க என்பாள். அன்றைக்கு நிறுத்திவைத்து விசாரித்தாள்.

"என்ன குழந்தை தம்பி?"

"பொண்ணுக்கா."

"மொதல் குழந்தையா?"

"ஆமாக்கா. அவதான் கண்ணத் தொறக்க முடியாம கெடக்கறா."

"எல்லாம் சரியாயிடும். நேரா வார்டுக்குப் போங்க. நர்ஸ் கையில குடுங்க. நடுவுல எங்கயும் நிக்க வேணாம்."

அவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார். அவள் அறைக்குத் திரும்பவில்லை, முற்றத்துக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனிடம் சொல்ல ஒரு நிஜம் கிடைத்திருந்தது. அது ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

"அண்ணே, உன் பை இப்பத்தான் போச்சு. அந்தத் தையல்காரர் பாத்தியா, பெட்டிய எடுத்துட்டு ஓடுனாரே. அவரு பொண்டாட்டிக்கு. பொண்ணு பொறந்திருக்கு."

அண்ணன் முகத்துக் கவசத்தைத் தூக்கினார். முகமெல்லாம் வேர்வை. வார்டு இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கவசத்தை இறக்கி மறுபடி வேலையைப் பார்த்தார். அன்றைக்கு அந்தக் கட்டில் காலுக்கு வைத்த பற்று யானை ஏறினாலும் விடாது.

மத்தியானம் ஆயிற்று. வேலையை முடித்த அண்ணன் ரத்தவங்கி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தங்கை சாப்பிட வருவதற்காகக் காத்திருந்தார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது, தையல்காரர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் காலிப் பெட்டி. இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார். அண்ணன் அவரைப் பார்த்துச் சம்பந்தி மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவளுக்குக் காய்ச்சல் அடிக்குது. நடுங்கறா. காய்ச்சல் எறங்கினப்புறம் ஏத்தலாம்னு சொல்லிட்டாங்க. இத உங்ககிட்டத் திருப்பிக் குடுத்து வைக்கச் சொன்னாங்க."

சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளேயிருந்து பையை எடுத்தார். குழந்தைக்கு வாங்கிய புதுத் துணியில் சுற்றியிருந்தது.

"இத எப்ப திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க?" என்றாள்.

"காலைலயே சொன்னாங்கக்கா. ஆனா பெட்டியத் தொறந்து தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஏற்கனவே குளிர்ல நடுங்கறவ ஒடம்புல இத ஏத்துனா என்னத்துக்கு ஆவான்னு வயித்துல வெச்சுக் கட்டிக்கிட்டேன். காய்ச்சல் எறங்கிடும் எறங்கிடும்னு அவ பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். ஒரு நிமிஷம்கூடக் கீழ வைக்கலக்கா."

அதைச் சொல்லும்போது அந்தக் களைத்த முகத்தில் ஒரு பெருமை. அவள் பையைக் கையில் வாங்கினாள். மனுஷ உடம்பின் சூடு அப்படியே இருந்தது. தூங்குகிற குழந்தையைத் தூக்கினால் இப்படித்தான் இருக்கும்.

குளிர்பெட்டியை விட்டு வெளியே போன பை அரை மணிக்குள் திரும்பினால் வாங்கலாம். இது காலையிலிருந்து ஒரு வயிற்றில் அடைகாக்கப்பட்டிருக்கிறது. நிறம் மாறவில்லை. கட்டி இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அதுதான் இதில் உள்ள மோசம். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று இரண்டு உள்ளே இருந்திருந்தால், குளிரில் சுருண்டு கிடந்தது இந்தச் சூட்டில் எழுந்து குடும்பம் நடத்த ஆரம்பித்திருக்கும். சிவப்பணுவும் அந்தச் சூட்டில் எத்தனை தளர்ந்ததோ. ஏற்கனவே காய்ச்சலில் கிடப்பவள் உடம்பில் அதை ஏற்றுவதும் ஒன்றுதான், விஷம் வைப்பதும் ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு கணம் அவள் தடுமாறினாள், அதை மறைப்பானேன். பெஞ்சில் அண்ணன் இருந்தார். உள்ளே போய்க் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சாயந்தரம் மறுபடி எடுத்துக் கொடுக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். காலையில் சொன்ன நிஜம் நிஜமாகவே இருக்கும். பொய் சொல்லியே களைத்தவளுக்கு அந்தக் கணம் மிகவும் நீளமாக இருந்தது.

"இது வேணாம் தம்பி" என்றாள்.

"வேணாம்னா?"

"இத இனிமே ஏத்தக் கூடாது."

"உள்ள பெட்டில வெச்சா மறுபடி ஜில்லுனு ஆயிடும்லக்கா?"

"ஜில்லுனு ஆகும். நல்லதா ஆகாது."

தையல்காரர் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் கெடுத்தேனா" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். உங்களிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை தம்பி, நானும் கதை கேட்ட அவசரத்தில் காரணத்தைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். அண்ணன் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"பாப்பா, பாத்தா நல்லாத்தான இருக்கு?"

"பாத்தா நல்லாத்தான்ணே இருக்கும்."

"இது காலைல சொன்னியே, அதானா?"

அவள் தலையாட்டினாள். அண்ணன் சட்டென்று சட்டைக் கையை மடக்கினார். "அப்ப எங்கிட்ட இன்னொண்ணு எடு. இப்பவே எடு."

"போன வாரம்தான குடுத்த. ஒடம்பு தாங்காதுண்ணே. வேணாம்."

அந்த ஒரு வார்த்தையை அவள் அன்றைக்கு எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பையைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். அவர் தொட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவரே ஃபோனை எடுத்து ஒவ்வொரு ரத்தவங்கியாகக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது இடத்தில், பக்கத்து ஊரில், ஒரு பை இருந்தது. ஆஸ்பத்திரி வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. "என் ஸ்கூட்டர் இருக்கு" என்றார் வாசலில் நின்ற அண்ணன்.

அவள் பெட்டியில் ஐஸ் பைகளை அடுக்கி, மேலே அட்டை வைத்து, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னாள். "ஐஸ் பைமேல பட்டுடக் கூடாதுண்ணே. நேரா பட்டா ஒறஞ்சு ஒடஞ்சிடும். இந்த அட்ட நடுவுல இருக்கட்டும். வெயில்ல நிறுத்தாத. தொறந்து பாக்காத. டீக்குக்கூட நிக்காத." அண்ணன் டீக்கு நிற்காமல் தெருக்கோடிவரை போனதாகச் சரித்திரம் இல்லை. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. அங்கேயே நின்றார்.

"இதுக்கு முன்னாடியும் இப்படி ஆயிருக்கா பாப்பா?"

அவளிடம் கைவசம் பதில்கள் இருந்தன. நாலைந்து உடனே வரும். ஆனால் ஒன்றைத் தூக்கி வெளியே வைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"ஆயிருக்கு."

"என்னுது?"

"உன்னுதும்தான்."

"சைக்கிள் பய?"

"இல்லண்ணே."

"அந்த ரெட்டப் பிள்ளைங்க?"

"இல்ல."

அண்ணன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் செஞ்ச வண்டி?"

"பரண்ல இருக்கு."

"துரு ஏறியிருக்குமே" என்றார். பிறகு, "அம்மா சரியாத்தான் கூப்பிட்டிருக்கு" என்றார்.

"எல்லாமே இல்லண்ணே. போனதும் இருக்கு. யாருக்குன்னு எனக்கே தெரியாது, அதனாலதான் சொல்லல." சொல்லும்போதே அது முட்டுக்கொடுக்கிற பத்தாவது பொய் மாதிரி அவள் காதிலேயே கேட்டது. நிஜம் அது. நிஜத்தைச் சொல்லி நம்பவைக்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அண்ணன் பெட்டியோடு வெளியே போனார். ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பாமல் மூன்றாவது உதைக்குக் கிளம்பிய சத்தம் கேட்டது.

அவள் சாப்பிடவில்லை. அறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஆட்டுத்தட்டு டக் டக் என்றது, முழங்காலும் கூடவே ஆடியது. அண்ணன் எதையும் முழுதாக முடித்தவரில்லை என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. வழியில் எங்காவது வண்டியை நிறுத்திவிட்டு, இதெல்லாம் எனக்கெதற்கு என்று உட்கார்ந்துவிட்டால்? உட்கார உரிமை இல்லாத ஆளா அவர்? பெட்டி வெயிலில் நிற்கும். ஐஸ் உருகும். சுவரோரம் குந்தியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் வெளியே போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள், காலையில் சொல்லாத காரணத்தை நிதானமாக, முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே டீயைக் கையில் வைத்திருந்தார். குடிக்காமலே அது ஆறிப்போனது.

அண்ணன் வந்தார். வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பெட்டி சீட்டுக்குப் பின்னால் இல்லை, முன்னால் கால் நடுவில் இருந்தது, மேலே ஈரத் துண்டு. திறந்து பார்த்தாள். அட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. பை வேண்டிய குளிரில் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள், சாய்த்தாள். அண்ணனும் தையல்காரரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது வேணும்" என்றாள்.

பொருத்தம் பார்த்தாள், பொருந்தியது. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலும் இறங்கியிருந்தது. இந்தத் தடவை பையை அவளே எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்து, வார்டு கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். ரத்தம் ஏறுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவுக் கண்ணாடி வழியே, சொட்டுச் சொட்டாக இறங்குவதை, பை சுருங்கும்வரை நின்று பார்த்தார். தையல்காரர் உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

வேலை முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். அவளுக்குப் பேசப் பயம். அண்ணன்தான் தெரு முனையில் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்.

"அந்தப் பையக் குடுத்தவன் யாரு?"

"தெரியாதுண்ணே. அந்த ஊர்க்காரர் யாரோ."

"இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? யாரும் சொல்ல மாட்டாங்க."

அண்ணன் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நின்றார்.

"நாளைக்கு அந்த ஊருக்கு ஃபோன் போட்டு அவனுக்குச் சொல்லச் சொல்லு. பொம்பளப் பிள்ள, தாய் கண்ணத் தொறந்துட்டான்னு எல்லாம் சொல்லு. உனக்குத்தான் கதை நல்லா வருமே" என்றார். சிரிக்கவில்லை. "இந்தக் கதைய நீ கட்டவும் வேண்டியதில்ல."

போய்விட்டார். உள்ளே வந்திருந்தால் பரணிலிருந்து அந்த வண்டியை எடுத்துக் கொடுத்திருப்பாள். அவர் கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்ல அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் காலை மெஷினைப் போடுவதற்கு முன் பக்கத்து ஊர் ரத்தவங்கியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். ஊர் பேர் எதுவும் வேண்டாம், பிழைத்துவிட்டார்கள் என்று மட்டும் அந்த மனுஷனிடம் சொன்னால் போதும் என்றாள். எதிர்முனையில் இருந்தவருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும் போல. குரலில் அலுப்பு தெரிந்தது.

"அவரு கொடுத்துட்டுப் போயிட்டாருங்க. யாருக்குப் போச்சுன்னு கேக்கவே இல்லையே. இதெல்லாம் எதுக்கு?"

"கேக்க மாட்டாருங்க" என்றாள் வேணாக்கா. "ஆனா காத்துக்கிட்டு இருப்பாரு."

எதிர்முனை சற்று யோசித்துவிட்டு, சரி, சொல்கிறேன் என்றது. அவள் ஃபோனை வைத்துவிட்டு அன்றைக்கு வந்த பைகளை எடுத்து மெஷினில் அடுக்க ஆரம்பித்தாள்.